கடைசிப் பாட்டு யார் கையில்?

செஞ்சிப் பக்கம் கல்யாண வரவேற்புக்கு டிஜே வைக்காத வீடு இன்று குறைவு. மஞ்சள் நீராட்டு, காதுகுத்து, ஆடித் திருவிழா, ஏப்ரல் 14 என்று எதுவானாலும் ஒரு குட்டியானை நிறைய பேஸ் பெட்டிகளும் லைட்டுகளும் வந்து இறங்கிவிடுகின்றன. இந்தத் தொழிலில் நம் காலனித் தம்பிகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் நாங்கள் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: ராத்திரியின் கடைசிப் பாட்டை எப்படி முடிவு செய்கிறீர்கள்?

முதலில் தொழில் கணக்குத்தான் பதிலாக வரும். கூட்டம் சூடாக ஆடிக்கொண்டிருக்கும்போது சட்டென்று நிறுத்தினால் அடிதடி. அதனால் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். எல்லோருக்கும் வாயில் வருகிற ஒரு பழைய பாட்டைப் போட்டால் ஓரமாக நிற்கிற அம்மாக்களும் சேர்ந்துகொள்வார்கள், கூட்டம் தானாகச் சிரித்துக்கொண்டே கலையும். இதெல்லாம் சொன்ன பிறகு குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் சொல்வார்கள். “காலனியில்னா நாங்க முடிவு பண்ணுவோம் அண்ணா. ஊர்ப் பக்கம் போனா கடைசிப் பாட்டு எங்க கையில இல்ல.” பத்து மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நாலு பேர் வந்து மேசையைச் சுற்றி நிற்பார்கள். போனை நீட்டி யூட்யூபில் ஒரு பாட்டைக் காட்டுவார்கள். அது அவர்கள் சாதியின் பெருமையைப் பாடும் பாட்டு. அதைப் போட்டுவிட்டுத்தான் மிக்ஸரை அணைக்க வேண்டும்.

பாட்டுதானே, காசு வாங்கியாச்சு, போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே என்று கேட்கிற தோழர்கள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படி நினைக்கவில்லை. இந்த ஐந்து நிமிஷத்துக்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது.

செஞ்சியிலிருந்தே தொடங்கலாம். ஆல்ஃப் ஹில்டிபைட்டல் என்ற அமெரிக்க ஆய்வாளர் திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இல் வெளியிட்ட பெரிய நூலின் முதல் தொகுதிக்கு வைத்த துணைத் தலைப்பே ‘செஞ்சியிலிருந்து குருசேத்திரம் வரை’ என்கிற பொருள் தருவது. செஞ்சியை ஒட்டிய மேலச்சேரியைத்தான் இந்த வழிபாட்டின் மூலக் கோயில் இருக்கும் இடமாக மரபு சொல்கிறது. திரௌபதி அம்மன் திருவிழா என்றால் பாரதக் கூத்து. இரவு பத்து மணி வாக்கில் மேளக்கட்டு தொடங்கி, கட்டியங்காரன் வந்து, விடிய விடிய ஆடி, வெளிச்சம் வரும்போது மங்களம் பாடி முடிப்பார்கள். கடைசி நாள் பதினெட்டாம் போர். கூத்து அப்படியே படுகளத்துக்கு நகர்ந்துவிடும். மண்ணால் செய்த துரியோதனன் பெரிதாகப் படுத்திருப்பான், திரௌபதி கூந்தல் முடிவாள். அங்கே எந்தக் கடிகாரமும் கிடையாது. கிழக்கு வெளுப்பதுதான் கடைசிப் பாட்டை முடிவு செய்யும்.

அழகான வழக்கம்தான். ஆனால் அந்த விடியலில் யார் எங்கே நின்றார்கள் என்று கேட்டால் அழகு குறைந்துவிடும். இதே விழுப்புரம் மாவட்டத்தின் மேல்பாதி தர்மராஜா திரௌபதி அம்மன் கோயிலை எடுத்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டார்கள். ஜூன் 7 அன்று அதிகாரிகள் கோயிலுக்குச் சீல் வைத்தார்கள். நீதிமன்றப் படியேறி, 2025 ஏப்ரல் 17 அன்றுதான் தலித் மக்கள் உள்ளே போய்க் கும்பிட முடிந்தது. அம்மன் கதையை ராத்திரியெல்லாம் கண் விழித்துக் கேட்கலாம், அம்மனைப் பார்க்கக் கூடாது என்பதுதான் இதன் பொருள்.

இசைக்கும் நமக்கும் உள்ள உறவு எப்போதும் இப்படி இரண்டு கட்டளைகளாகவே இருந்திருக்கிறது. ஒன்று, அடி. இன்னொன்று, அடிக்காதே. ஊர்ச் சாவுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் பறையடித்தே ஆக வேண்டும். கூலி என்று பேசக்கூட முடியாது, கொடுப்பதை வாங்கிக்கொள்ள வேண்டும். சொந்த வீட்டுக் கல்யாணத்தில் மட்டும் சத்தம் வரக் கூடாது. ராமநாதபுரம் மாவட்டத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்கச் சாதியார் ஆதிதிராவிடர்களுக்கு எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931இல் அது பதினொன்றானது. முழங்காலுக்குக் கீழே துணி கட்டாதே, நகை போடாதே, பிள்ளைகளைப் படிக்க வைக்காதே என்கிற வரிசையில் இதுவும் உண்டு: கல்யாணத்தில் மேளம் முதலிய இசையை வைக்காதே. ஜே.எச். ஹட்டன் இந்தத் தடைகளைத் தன் சாதி பற்றிய நூலில் பதிவு செய்திருக்கிறார், அண்ணல் அம்பேத்கரும் எடுத்துக்காட்டியிருக்கிறார். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன. படிப்பு, துணி, நகை என்று வாழ்க்கையின் அடிப்படைகளைத் தடுக்கிற அதே பட்டியலில் மேளத்தையும் சேர்த்தார்களே, ஏன்? மேளம் கேட்கிற தூரம் வரைக்கும் நம் இருப்பு பரவுகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

‘அடி’ என்ற கட்டளைக்கு எதிரான போராட்டம் நம் பகுதியின் சொந்த வரலாறு. செஞ்சி 1993 வரை தென்னார்க்காடு மாவட்டத்தில்தான் இருந்தது. அந்த மாவட்டத்தின் காட்டுமன்னார்கோயில் மண்ணிலிருந்து வந்தவர் எல். இளையபெருமாள். 1965இல் அமைக்கப்பட்டு 1969இல் அறிக்கை தந்த, தீண்டாமை பற்றிய அகில இந்தியக் குழுவின் தலைவர் என்றுதான் பாடப் புத்தகங்கள் அவரைச் சொல்லும். சாவுக்குப் பறையடிக்கும் இழிவை நிறுத்தச் சொல்லி ஊர் ஊராகப் பேசியவர் அவர் என்பதை நாம் சொன்னால்தான் உண்டு. பிறகு 1990கள் தொட்டு இன்னொரு தலைமுறை பறையைக் கலை மேடைக்குக் கொண்டுவந்தது, விடுதலையின் கருவி என்றது. நிறுத்துவதா, மீட்பதா என்ற விவாதம் இன்றும் முடியவில்லை. எங்கள் கருத்தில் இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரே கேள்விதான்: அடிக்க மாட்டேன் என்று சொல்லும் உரிமை அடிப்பவனுக்கு இருக்கிறதா?

இந்த இடத்தில்தான் மைக் செட் வருகிறது. ஒலிபெருக்கி கிராமத்துக்கு வந்தபோது சாதி ஒழுங்கில் சின்ன விரிசல் விழுந்தது. ஒரு ஆம்ப்ளிஃபயர், இரண்டு கூம்பு ஸ்பீக்கர், ஒரு ரெக்கார்ட் பிளேயர். இதற்குப் பரம்பரை உரிமை கொண்டாட யாராலும் முடியாது. காலனிக்கும் வாடகைக்கு வந்தது. எல்.ஆர். ஈஸ்வரியின் அம்மன் பாட்டு ஊரில் ஒலித்த மாதிரியே சேரியிலும் ஒலித்தது. 1976இல் ‘அன்னக்கிளி’ வந்த பிறகு இளையராஜா இல்லாத மைக் செட் கிடையாது. தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஒலிநாடா போடுவதையே ஒரு நிகழ்த்துகலையாகப் பார்த்து பால் கிரீன் என்ற இசை ஆய்வாளர் 1999இல் ஒரு கட்டுரை எழுதினார். நாங்கள் முதுகலை படிக்கும்போது அதை வாசித்துவிட்டு ஆச்சரியப்பட்டோம். மைக் செட் அண்ணன் பாட்டு போடுவதைப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் ‘நிகழ்த்துதல்’ என்கிறாரே என்று. ஆனால் உண்மை அதுதான். எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்று முடிவு செய்கிறவன் அந்த ராத்திரியை எழுதுகிறான்.

உலகத்தில் வேறு இடத்திலும் இந்தக் கலை ஒடுக்கப்பட்டவர்கள் கையில்தான் பிறந்திருக்கிறது. ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் கறுப்பின மக்களுக்கு வாத்தியக் குழு வைக்கக் காசில்லை, அவர்கள் விரும்பிய பாட்டை வானொலியும் போடவில்லை. 1940கள், 50களில் ஸ்பீக்கர் பெட்டிகளையும் ரெக்கார்டுகளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத் தெருவாகப் போன ‘சவுண்ட் சிஸ்டம்’கள் அப்படித்தான் உருவாயின. கிங்ஸ்டனில் பிறந்து நியூயார்க்குக்குக் குடிபெயர்ந்த கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸ் பகுதியின் அடுக்குமாடி ஒன்றில் பாட்டு போட்ட விருந்திலிருந்துதான் ஹிப் ஹாப்பின் பிறப்பைக் கணக்கிடுகிறார்கள். பள்ளி திறப்பதற்குள் புதுத் துணி எடுக்கக் காசு வேண்டும் என்று அவர் தங்கை ஏற்பாடு செய்த விருந்து அது. நம் தம்பிகளின் குட்டியானைக்கும் அந்த வண்டிகளுக்கும் உறவு உண்டு. 2018 ஜனவரியில் சென்னையில் முதல் மேடை ஏறிய ‘காஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ கானாவையும் ராப்பையும் சேர்த்தது சும்மா இல்லை.

சரி, விரிசல் விழுந்தது என்றோமே, அதை அடைத்தது எது? சினிமாவும் சேர்ந்துதான் அடைத்தது. ‘தேவர் மகன்’ 1992இல் வந்தது. அதில் ஒரு குடும்பத்தின் பெருமையைப் பாடும் பாட்டு, தென் மாவட்டங்களில் படத்தைத் தாண்டிப் போய் ஒரு சாதியின் கீதம் போல ஆக்கப்பட்டது. அந்தப் படம் தன்னை எப்படி அலைக்கழித்தது என்று மாரி செல்வராஜ் 2023 ஜூனில் ‘மாமன்னன்’ இசை வெளியீட்டு மேடையில், கமல்ஹாசனை முன்னால் வைத்துக்கொண்டே பேசினார். அந்தப் பாட்டுக்கு இசையமைத்தவர் இளையராஜா என்பதை நினைத்தால் சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. இன்று அதற்கு ஒரு சினிமாகூடத் தேவையில்லை. எந்தச் சாதிக்கும் கணினியில் பாட்டு தயாராகிறது, போனில் வந்துவிடுகிறது. வடக்கே வேறு பாட்டு, மேற்கே வேறு பாட்டு. மெட்டு ஒன்றுதான், பேரை மட்டும் மாற்றியிருப்பார்கள்.

எதிர்ப் பக்கம் ஒரு பாட்டுக்கு என்ன விலை என்பதையும் பாருங்கள். 2015 மே மாதம் மகாராஷ்டிரத்தின் ஷிர்டியில் ஒரு தலித் இளைஞர் அடித்துக் கொல்லப்பட்டார். அவர் போனில் அம்பேத்கர் பாட்டு ரிங்டோனாக ஒலித்ததுதான் தகராறின் தொடக்கம்.

நம் பிள்ளைகளும் ஊர்த் தெருவைத் தாண்டும்போது வேண்டுமென்றே சத்தத்தைக் கூட்டுகிறார்களே என்று நம்மிடம் கேட்பார்கள். கூட்டுகிறார்கள்தான். அதைச் சில சமயம் நாங்களே கண்டித்திருக்கிறோம், ஒரு ராத்திரி வீம்புக்காக மொத்தக் காலனியும் வழக்கு சுமக்க வேண்டாம் என்று. ஆனாலும் இரண்டும் ஒன்று என்று சொல்ல மாட்டோம். ஒரு பாட்டு ‘நான் உனக்கு மேலே’ என்கிறது, மற்றது ‘நான் உனக்குக் கீழே இல்லை’ என்கிறது. சத்தத்தின் அளவை மட்டும் அளந்து இரண்டையும் சமமாக்கிவிட முடியாது.

சத்தத்தை அளக்கும் சட்டத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. 2005 ஜூலை 18 அன்று உச்ச நீதிமன்றம் அதை இன்னும் இறுக்கியது. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாளுக்கு மிகாமல் மாநில அரசு நள்ளிரவு 12 வரை தளர்த்தலாம், அவ்வளவுதான். முதியவர்களுக்கும் படிக்கிற பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டம் தேவை என்பதில் எங்களுக்குச் சந்தேகமில்லை. விடிய விடிய ஆடும் கூத்துக்கு இது நெருக்கடி என்பதும் உண்மை. எங்கள் அனுபவத்தில் பத்து மணி என்பது காலனிக்கு ஒன்பதே முக்காலுக்கே வந்துவிடுகிறது, ஊருக்குப் பதினொன்றானாலும் வருவதில்லை.

ஆடல் பாடல் நிகழ்ச்சிகளுக்கு அனுமதி தரும்போது உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதிக்கும் நிபந்தனைகளில் சாதி, மதம், கட்சி சார்ந்த பாட்டு கூடாது என்பதும் ஒன்று. டிஜே தம்பிகளுக்கு இது நல்ல கேடயம். “அண்ணா, போலீஸ் கண்டிஷன், லைசென்ஸ் போயிடும்” என்று சொல்லிக் கைகூப்பிவிடலாம். சிலர் அட்வான்ஸ் வாங்கும்போதே ரசீதில் ‘சாதிப் பாட்டு போடப்பட மாட்டாது’ என்று எழுதிவிடுகிறார்கள். சிலர் லேப்டாப்பில் நெட் இல்லை என்பார்கள். தாத்தா பறையைத் தூக்கிப்போட்டு ‘அடிக்க மாட்டேன்’ என்றதற்கும், பேரன் ‘நெட் இல்லண்ணா’ என்பதற்கும் தூரம் இருக்கிறது. பேரன் தப்பிக்கிறான், மறுக்கவில்லை என்று கோபப்படுகிற தோழர்களிடம் நாங்கள் சொல்வது, பாட்டு முடிந்தபின் அந்தப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராத்திரி ஒரு மணிக்கு அதே ஊர் வழியாகத் திரும்ப வேண்டியவன் அவன். கடன் வாங்கி எடுத்த ஸ்பீக்கர் ஒன்று உடைந்தால் மாதத் தவணை கட்ட யார் வருவார்கள்?

அவன் தனியாக மறுக்க வேண்டியிருப்பதுதான் பிரச்சினை. பறையடிக்க மறுத்தபோது ஒரு சேரியே சேர்ந்து மறுத்தது. இன்று ஒருவன் போடாவிட்டால் பக்கத்து ஊர் செட்டைக் கூப்பிடுவார்கள். செஞ்சி வட்டாரத்துச் சவுண்ட் சர்வீஸ்காரர்கள் எல்லாச் சாதியிலும் இருக்கிறார்கள். இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து, எந்தச் சாதியின் பெருமைப் பாட்டையும் யாரும் போடுவதில்லை என்று வாடகைத் தாளிலேயே அச்சடித்துவிட்டால், நாலு பேர் மேசையைச் சுற்றி நிற்கும்போது பதில் சொல்ல வேண்டியது தாள், தம்பி அல்ல. இதைப் பேசிப் பார்க்கும் வேலையில் இப்போது இருக்கிறோம். சிலர் சரி என்கிறார்கள், சிலர் சீசன் முடியட்டும் என்கிறார்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு தகவல். 2016 ஜனவரி 26 முதல் நடைமுறைக்கு வந்த வன்கொடுமைத் தடுப்புத் திருத்தச் சட்டத்தின் பிரிவு 3(1)(இசட் ஏ), பட்டியல் சாதியினரின் திருமண ஊர்வலத்தையும் சமய, சமூக, பண்பாட்டு ஊர்வலத்தையும் தடுப்பதைக் குற்றமாக்கியிருக்கிறது. 1931இல் அவர்கள் போட்ட பட்டியலைப் பக்கத்தில் வைத்துப் படித்துப் பாருங்கள், வரிக்கு வரி பதில் போல இருக்கும். உங்கள் தெருக் கல்யாண ஊர்வலத்தை யாராவது ‘இந்த இடத்தில் பாட்டை நிறுத்து’ என்று மறித்தால், காவல் நிலையத்தில் கொடுக்கும் மனுவில் நேரம், இடம், என்ன சொன்னார்கள் என்பதோடு இந்தப் பிரிவு எண்ணையும் எழுதுங்கள். மனு ரசீது வாங்காமல் வெளியே வராதீர்கள்.