இணையதள உள்ளடக்க அமைப்பு

ஓர் இணையதளத்தின் விஷயங்களைப் பக்கம் பக்கமாகப் பகுத்து, முகப்பிலிருந்து பிரிவுக்கும் பிரிவிலிருந்து தனிப்பக்கத்துக்கும் வாசகர் இணைப்புகள் வழியே தடுமாறாது செல்லவும், தேடுபொறிகள் அவ்விணைப்புகளையே பற்றிச் சென்று ஒவ்வொரு பக்கத்தையும் கண்டு அட்டவணைப்படுத்தவும் ஏற்றவாறு ஒழுங்குசெய்யும் முறை. நூலக சாஸ்திரத்தின் பகுப்பு நெறிகளை இணையத்துக்குப் பிரயோகித்து லூயிஸ் ரோசன்ஃபெல்டும் பீட்டர் மோர்வில்லும் எழுதிய நூல் 1998-இல் வெளிவந்தது.

இதன் பிரதான விதி, ஒரு பொருளுக்கு ஒரு பக்கம் என்பதே. ஒரே விஷயம் பல பக்கங்களில் சிதறிக் கிடப்பின், எதனை முன்னிறுத்துவது என்பதைத் தேடுபொறி தானே தீர்மானிக்க நேர்வதோடு, பிற தளங்கள் அளிக்கும் இணைப்புகளின் பலமும் பிளவுபடுகிறது. ஒரே பக்கம் பல முகவரிகளில் தோன்றுவது விற்பனைத் தளங்களில் சகஜமாதலின், மூல முகவரி இன்னதென்று பக்கத்தின் நிரலிலேயே குறிக்கும் வழியைக் கூகுள், யாகூ, மைக்ரோசாப்ட் மூன்றும் 2009-இல் ஏற்றன. தளத்தின் பக்க முகவரிகளைத் தேடுபொறிகளுக்கெனப் பட்டியலிடும் தளவரைபடக் கோப்புக்குரிய பொது விதிகளை அவை 2006-இலேயே ஒப்புக்கொண்டிருந்தன.

ஆயினும், ஒரு கோப்பில் 50,000 முகவரிகள் வரை அடங்கும் அவ்வரைபடம் பக்கங்களைப் பிணைக்கும் இணைப்புகளுக்கு ஈடாகாது. அது இயந்திரத்துக்கென அமைந்தது, வாசகர் கண்ணில் படுவதில்லை. எப்பக்கத்திலிருந்தும் இணைப்புப் பெறாத அநாதைப் பக்கம், எத்துணை சிரத்தையுடன் எழுதப்பட்டிருப்பினும், தளத்துக்குள் உலவும் வாசகருக்கு எட்டாமலே போகிறது. ‘இங்கே சொடுக்கவும்’ என்று மொட்டையாக எழுதாமல், செல்லவிருக்கும் பக்கத்தின் பொருளை இணைப்புச் சொற்களிலேயே உணர்த்துவது வாசகர், தேடுபொறி என இருசாராருக்கும் அனுகூலமானது.