மன்னார் எலும்புகளும் கரிமக் காலக்கணிப்பும்
(கட்டுமானப் பணிகளில் வெளிப்படும் மனித எச்சங்கள் குறித்த ஒரு வரலாற்று நோக்கு)

பெங்களூர் யஷ்வந்தபுரத்தில் 1891ஆம் ஆண்டு இருப்புப்பாதைப் பணிக்காக நிலம் வெட்டப்பட்டபோது உரோமானிய வெள்ளிக் காசுகள் 163 கிடைத்தன. 1965இல் அதே நகரின் எச்.ஏ.எல். விமான நிலையப் பகுதியில் மேலும் 256 காசுகள் வெளிப்பட்டன. இவ்விரு தொகுதிகளும் எண்ணப்பட்டு, அவற்றிற் பொறிக்கப்பெற்ற வேந்தர் பெயர் அறியப்பட்டு, நாணயவியலாரின் பட்டியல்களில் இடம்பெற்றுள்ளன. காசு கிடைத்தால் செய்ய வேண்டுவது யாது என்பதில் சட்டத்திற்கு ஐயமில்லை. 1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய பொருளைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என விதித்தது. கர்நாடகத்திற்கு 1962ஆம் ஆண்டில் தனிப் புதையல் சட்டம் இயற்றப்பட்டது.

அஸ்திவாரக் குழியில் காசுக்குப் பதிலாக எலும்பு கிடைத்தால் நிலைமை வேறு. விலைமதிப்பற்ற அது புதையல் ஆகாது. 1958ஆம் ஆண்டின் தொல்பொருட்சின்னங்கள், தொல்லியல் இடங்கள் பற்றிய நடுவணரசுச் சட்டம், வரலாற்று அல்லது தொல்லியற் சிறப்புடையதும் நூறாண்டுக்குக் குறையாத பழமை வாய்ந்ததுமான புதைவிடத்தைத் தொன்மைச் சின்னம் என்னும் வரையறைக்குள் அடக்குகிறது. அண்மைக் காலத்தில் ஐயத்திற்கிடமாக இறந்தவருடைய உடலாயின் அது காவல்துறையின் பொறுப்பு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவும், 2024 சூலை முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194ஆம் பிரிவும் அதற்கு வழிசெய்கின்றன. ஆகவே, எலும்பைப் பொறுத்தவரை சட்டம் கேட்கும் முதல் வினா அதன் வயது என்பதாகிறது. அவ்வயதை அறிவதற்கோ அது கிடந்த மண்ணடுக்கு கலையாதிருத்தல் வேண்டும். மண்ணடுக்கை முதலில் கலைப்பது மண்வாரும் இயந்திரமே.

இம்முரண்பாடு எத்துணைப் பெரிய வரலாற்றுச் சிக்கலுக்கு இட்டுச்செல்லும் என்பதைத் தமிழர் வாழும் பிறிதொரு நிலமாகிய மன்னாரின் நிகழ்வு விளக்குகிறது.

சதொச வளாகம்

2018ஆம் ஆண்டு மார்ச் இறுதியில், மன்னார் நகர நுழைவாயிலில் கூட்டுறவு விற்பனை நிறுவனமான சதொசவுக்குப் புதிய கட்டடம் எழுப்ப அடித்தளம் தோண்டப்பட்டது. தோண்டிய மண் வெளியிடங்களுக்கு ஏற்றிச் செல்லப்பட்டது. அவ்வாறு சென்ற மண்ணில்தான் மனித எலும்புத் துண்டுகள் கண்டறியப்பட்டன. கண்டுபிடிப்பு குழியில் நிகழவில்லை, குழியிலிருந்து அகற்றப்பட்ட மண்ணில் நிகழ்ந்தது என்பது கருதத்தக்கது. செய்தி காவல்துறைக்கும் பின்னர் நீதவான் நீதிமன்றத்திற்கும் சென்றபோது ஒரு பகுதி ஏற்கெனவே தன் இடத்தை இழந்திருந்தது.

இலங்கைச் சட்டப்படி இத்தகைய அகழ்வு நீதவானின் கட்டளையின்கீழ் நடைபெறும். மன்னாரின் சட்ட வைத்திய அதிகாரி மருத்துவர் சமிந்த ராஜபக்ச தலைமையில், களனிப் பல்கலைக்கழகத் தொல்லியல் பேராசிரியர் ராஜ் சோமதேவ பங்கேற்க, 2018 மே மாத இறுதியில் முறையான அகழ்வு தொடங்கியது. மருத்துவரும் தொல்லியலாரும் ஒரே குழியில் நின்று பணியாற்றியது இதன் சிறப்பு. முன்னவர் காயத்தையும் அகவையையும் பாலையும் நோக்குவார். பின்னவர் உடல் கிடந்த முறையையும் அதன்மேல் அமைந்த மண்ணையும் நோக்குவார். ஓராண்டுக்குள் முந்நூற்றுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் வெளிக்கொணரப்பட்டன. அவற்றுள் இருபதுக்கும் மேற்பட்டவை சிறார்களுடையவை.

அகழ்விடம் இருவேறு இயல்புடையதாய்க் காணப்பட்டது. ஒரு பகுதியில் உடல்கள் இடுகாட்டு முறைப்படி அடக்கப்பெற்றிருந்தன. மற்றொரு பகுதியில் ஒழுங்கின்றி ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடந்தன. இறந்தாரை அடக்கும் முறைகள் பற்றித் தமிழ் மரபு நுட்பமாகவே அறிந்திருந்தது. புறநானூற்றின் 228, 256ஆம் பாடல்கள் தாழி வனையும் குயவனை விளித்துப் பேசுகின்றன. மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, சுடுதல் முதல் தாழியிற் கவித்தல் வரை ஐவகை முறைகளைச் சுட்டுகிறது. உடலை வைத்த முறை வைத்தவரைக் காட்டும். முறையின்றி இட்டதும் இட்டவரைக் காட்டும். ஆயினும் இவ்விரு பகுதிகளும் ஒரே காலத்தனவா என்பதை உடல்களின் கிடக்கை மட்டும் கொண்டு துணிய இயலாது.

ஆறு மாதிரிகள்

2019ஆம் ஆண்டுத் தொடக்கத்தில் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்திற்கு எடுத்துச் செல்லப்பட்டன. மார்ச்சில் வெளியான முடிவு, எலும்புகள் ஏறத்தாழக் கி.பி. 15ஆம் நூற்றாண்டுக்கும் 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற்கும் இடைப்பட்டவை எனத் தெரிவித்தது. 2017 முதல் கிளிநொச்சி, வவுனியா முதலிய இடங்களில் காணாமல் ஆக்கப்பட்ட தம் உறவினரைத் தேடித் தெருவோரம் அமர்ந்திருந்த தாய்மார்களுக்கு இம்முடிவு ஏற்புடையதாய் இல்லை. மற்றொருபுறம், போர்க்காலக் குற்றம் பற்றிய வினாவே இனி எழாது என்பார்க்கு அது போதுமானதாயிற்று. ஒரே எண்ணை இருதரப்பாரும் அதன் எல்லையறியாது கையாண்டனர் எனலாம்.

அவ்வெல்லை யாது? 1950களின் நடுப்பகுதி முதல் நிகழ்த்தப்பட்ட அணுவெடிச் சோதனைகளால் வளிமண்டலத்தில் கரிமம்-14 பெருகி, 1960களின் தொடக்கத்தில் ஏறத்தாழ இருமடங்காயிற்று. அதன்பின் வாழ்ந்த ஒவ்வொருவர் எலும்பிலும் அதன் தடயம் உண்டு. எனவே 1980களிலோ 1990களிலோ இறந்த ஒருவரின் எலும்பு, முறையாக ஆய்வு செய்யப்படின், 15ஆம் நூற்றாண்டெனக் காட்ட வழியில்லை. அந்த ஆறு எலும்புகளும் அண்மைப் போர்க்காலத்தவை அல்ல என்பது இவ்வகையில் உறுதி பெறும். ஆயின் அது அந்த ஆறு எலும்புகளுக்கே உறுதி. இருவேறு இயல்புடைய இடத்தில், முந்நூற்றுக்கும் மேற்பட்ட உடல்களுக்கு ஆறு மாதிரிகள் பேசுவதாயின், அவை எப்பகுதியின் எவ்வடுக்கிலிருந்து எடுக்கப்பட்டன என்பதே முதன்மை வினாவாகும்.

வரலாற்றாசிரியர் கருத வேண்டிய மற்றொன்றும் உண்டு. கடல்நீரில் உள்ள கரிமம் வளிமண்டலக் கரிமத்தைவிடப் பல நூறாண்டு 'பழையது'. மீனையும் சிப்பியையும் உண்டு வாழ்ந்தவரின் எலும்பு அதன் உண்மை வயதினும் மூத்ததாகக் காட்டும். உணவில் கடற்பொருள் எத்துணைப் பங்கு என்பதை அளந்து திருத்தம் செய்தல் வேண்டும். மன்னாரோ மீன்பிடிக்கும் முத்துக்குளிப்புக்கும் பெயர்பெற்ற தீவு.

1544 என்னும் ஈர்ப்பு

கரிமக் கணிப்பு வெளியானவுடன் பலர் நினைவுக்கு வரத்தக்கது 1544ஆம் ஆண்டு. அவ்வாண்டில் யாழ்ப்பாண மன்னன் சங்கிலி, மன்னாரில் கிறித்தவம் தழுவிய ஏறத்தாழ 600 பேரைக் கொல்வித்தான் என்பது போர்த்துக்கீசியர் வழிவந்த செய்தி. பிரான்சிஸ் சவேரியார் 1545இல் எழுதிய கடிதங்களிலும் இக்கொலை பேசப்படுகிறது. எண்ணும் காலமும் பொருந்தி வருதல் ஆய்வாளரை ஈர்க்கக்கூடியதே. எனினும் இப்பொருத்தம் அவசரமானது. கொல்லப்பட்டோரின் நினைவை உள்ளூர்க் கத்தோலிக்க மரபு தோட்டவெளியோடு இணைக்கிறது, நகர நுழைவாயிலோடு அன்று. 1560இல் போர்த்துக்கீசியர் மன்னாரில் கோட்டை கட்டினர். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்கு மாறியது. இடைப்பட்ட நூறாண்டில் முற்றுகையும் குடியேற்றமும் நோயும் இத்தீவுக்குப் புதியன அல்ல. கணிப்பு தரும் இடைவெளியோ இருநூறாண்டுக்கு மேற்பட்டது. அதற்குள் நாம் அறிந்த ஒரே படுகொலையைத் தேர்ந்து எலும்புகளின்மீது ஏற்றுவது, ஆவணத்தில் எஞ்சியதை மட்டுமே நிகழ்ந்ததாகக் கொள்வதாகும். கரிமம் ஆண்டைச் சொல்லலாம், கொன்றவரைச் சொல்லாது.

பொருள்களின் சான்று

மன்னாருக்குப் பிந்தைய இரு நிகழ்வுகள் இவ்விடத்தில் ஒப்புநோக்கத்தக்கன. 2023 சூனில் முல்லைத்தீவு மாவட்டம் கொக்குத்தொடுவாயில் குடிநீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகள் தோன்றின. 2024 சூலையில் அகழ்வு முடிவுற்றபோது 52 உடல்களின் எச்சங்கள் கண்டறியப்பட்டிருந்தன. அங்கு உடல்களோடு கிடைத்த உடைகளும் பிற பொருள்களும் ஆராயப்பட்டன. அவ்வாய்வின்வழி அடக்கம் 1994க்கும் 1996க்கும் இடைப்பட்டது எனப் பேராசிரியர் சோமதேவவின் அறிக்கை கருதியது. கரிமம் இருநூறாண்டு இடைவெளி தந்த நிலையில், உடலோடு கிடந்த எளிய பொருள்கள் இரண்டாண்டு இடைவெளி தந்தன. பொருளின் சான்று, அது எந்த உடலோடு எவ்வாறு கிடந்தது என்பதைப் பொறுத்தது. எலும்பை மட்டும் பொறுக்கிப் பைகளில் இட்டிருந்தால் இம்முடிவு கிட்டியிராது.

யாழ்ப்பாணம் அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் 2025 பெப்ரவரியில் தகன மேடை கட்டத் தோண்டிய தொழிலாளர் எலும்புகளைக் கண்டனர். அது செம்மணியை ஒட்டிய பகுதி. 1999இல் செம்மணியில் நடந்த அகழ்வில் 15 உடல்கள் எடுக்கப்பட்டிருந்தன. மயானத்தில் எலும்பு கிடைத்தல் வியப்பன்று எனக் கூறிப் பணியைத் தொடர்ந்திருக்க இயலும். பணி நிறுத்தப்பட்டமையால், 2025 செப்டம்பருக்குள் 200க்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் ஆழமற்ற குழிகளில் இனங்காணப்பட்டன. அவற்றோடு பள்ளிப் பை ஒன்றும் விளையாட்டுப் பொம்மையும் சிறார் வளையல்களும் கிடைத்தன. அப்பொருள்கள் 2025 ஆகத்து 5ஆம் நாள் நீதிமன்ற ஆணைப்படி, அடையாளம் காட்டக்கூடியோர் வந்து பார்க்குமாறு பொதுமக்கள் முன் வைக்கப்பட்டன.