அளவையும் சட்டமும்: தென்கிழக்குக் கரையோரத்திலிருந்து ஒரு நோக்கு

சட்டக் கல்விக்கு மாணவரைத் தெரிவு செய்யும் பரீட்சைகளில் தருக்க வினாக்கள் இடம்பெறுவது இன்று பல நாடுகளிலும் வழக்கமாகிவிட்டது. சில கூற்றுகள் தரப்படும். அவற்றிலிருந்து எம்முடிவு பெறப்படும், எம்முடிவு பெறப்படாது என்பதை மாணவர் குறித்த நேரத்துள் கண்டுரைத்தல் வேண்டும். அமெரிக்காவில் 1948ஆம் ஆண்டு தொடக்கம் இத்தகைய பரீட்சை நடைபெற்று வருகின்றது. இந்தியாவின் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்கள் 2008ஆம் ஆண்டில் ஒரு பொது நுழைவுத் தேர்வை ஏற்படுத்திக்கொண்டன. கொழும்பு புதுக்கடையிலுள்ள இலங்கைச் சட்டக்கல்லூரியின் நுழைவுப் பரீட்சையும் மொழித் திறனோடு பொது அறிவையும் உளச்சார்பையும் சோதிக்கின்றது.

கல்முனை தொடக்கம் பொத்துவிலை அடுத்த அறுகம்பே வரை நீண்டு கிடக்கும் கரையோர ஊர்களிலிருந்தும் ஆண்டுதோறும் மாணவர் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். அவர்களுட் பலரிடம் ஓர் எண்ணம் வேரூன்றியுள்ளது. தருக்க வினா என்பது ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்த ஒரு புதுச் சரக்கு. ஆங்கிலம் கைவரப் பெற்றோர்க்கே அது இயல்பானது. ஏனையோர் பயிற்சி நூல்களிலுள்ள குறுக்கு வழிகளை மனனம் செய்து ஒருவாறு கரையேற வேண்டியதுதான் என்பதே அவ்வெண்ணமாகும். இஃது எத்துணைப் பொருத்தமுடையது என்பதை வரலாற்று வழி ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில், இவ்வினாக்கள் எத்தகையன என்பதை இக்கரையோரத்து வாழ்விலிருந்தே ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குவோம். "வாடைக்காற்றுப் பலமாக வீசும் நாளில் தோணிகள் கடலுக்குச் செல்வதில்லை. இன்று தோணிகள் கடலுக்குச் செல்லவில்லை. ஆகவே, இன்று வாடைக்காற்றுப் பலமாக வீசுகின்றது." இம்முடிவு பெறப்படுமா? மேலோட்டமாகப் படிப்போர் 'ஆம்' என்பர். ஆனால் அறுகம்பேயிலே தோணி வைத்திருக்கும் எந்த மீனவரும் இதனை ஒப்புக்கொள்ளமாட்டார். அன்று வெள்ளிக்கிழமையாக இருக்கலாம். வலை பழுது பார்க்கப்படலாம். ஊரில் ஒரு மையித்து நிகழ்ந்திருக்கலாம். மாறாக, "இன்று தோணிகள் கடலுக்குச் சென்றுள்ளன, ஆகவே, வாடைக்காற்றுப் பலமாக வீசவில்லை" என்று கூறின், முதற்கூற்று உண்மையாயிருக்கும் வரை அம்முடிவை மறுக்க இயலாது. முன்னையது போலி, பின்னையது வாய்ப்பானது. நுழைவுப் பரீட்சையின் தருக்க வினாக்களுட் பல இவ்வேறுபாட்டையே வெவ்வேறு உருவில் வினவுகின்றன.

இவ்வேறுபாட்டைத் தமிழ்மொழி எப்பொழுது அறிந்தது? இதற்கு விடை காண நாம் மணிமேகலையை நாடவேண்டும். அக்காப்பியத்தின் காலம் பற்றி அறிஞரிடையே கருத்து வேறுபாடுகள் உண்டு. எனினும், அதன் இருபத்தொன்பதாவது காதை பௌத்த அளவை நூலின் சாரத்தைத் தமிழில் முறைப்படத் தருவது என்பதில் ஐயமில்லை. வடமொழியில் சங்கரசுவாமி இயற்றிய நியாயப் பிரவேசம் என்னும் நூலுக்கும் இக்காதைக்குமுள்ள நெருங்கிய ஒற்றுமையை ஆராய்ச்சியாளர் எடுத்துக் காட்டியுள்ளனர். அறவண அடிகள் மணிமேகலைக்கு அளவைகள் காட்சியும் கருதலும் என இரண்டே எனக் கூறி, பக்கம், ஏது, திட்டாந்தம் முதலிய உறுப்புகளை விளக்குகின்றார். புகையைக் கண்டு நெருப்பை உய்த்துணர்வதும், அதற்கு அடுக்களையை எடுத்துக்காட்டாகக் கூறுவதும் அங்கு வருகின்றன. அதன்பின் போலிகள் வகுக்கப்படுகின்றன. பக்கப்போலி ஒன்பது, ஏதுப்போலி பதினான்கு, திட்டாந்தப்போலி பத்து என முப்பத்து மூன்று வழுக்கள் ஒவ்வொன்றும் பெயர் பெற்று நிற்கின்றன.

நமது தோணி வினாவை இவ்வளவைக்கு உட்படுத்திப் பார்ப்போம். வாடை வீசுகின்றது என்பது பக்கம்; தோணிகள் செல்லாமை என்பது ஏது. இவ்வேது வாடை வீசும் நாளிலும் காணப்படுகின்றது. வாடை வீசாத வெள்ளிக்கிழமையிலும் காணப்படுகின்றது. நிறுவ வேண்டிய பொருள் உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் ஒருங்கே காணப்படும் ஏது எதனையும் நிறுவமாட்டாது. இதனையே மணிமேகலை அநைகாந்திகம் என்னும் ஏதுப்போலியின் வகைகளுள் ஒன்றாக, சாதாரணம் என்னும் பெயரால் வழங்குகின்றது. இன்றைய வினாத்தாள் சோதிக்கும் பிழைக்குத் தமிழ்க் காப்பியம் ஒன்று பல நூற்றாண்டுகளுக்கு முன்னரே பெயரிட்டுள்ளது என்பது சிந்திக்கத்தக்கது.

இம்மரபு மணிமேகலையோடு முடிந்துவிடவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரின் தொடக்கத்திலேயே அளவையை விரித்துரைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் வடமொழியில் இயற்றிய தருக்க சங்கிரகத்தைப் பதினெட்டாம் நூற்றாண்டில் சிவஞான முனிவர் தமிழாக்கினார். சமயங்கள் மாறின, வாதிகள் மாறினர், ஆயினும், கூறிய முடிவுக்கு ஏது யாது, அவ்வேது முடிவைத் தாங்குமா என்று வினவும் வழக்கம் தொடர்ந்தது. 'அளவை' என்னும் சொல்லே இதற்குச் சான்று. களத்து நெல்லை மரைக்காலால் அளப்பதும் அளவை. அறிவை அளந்து கொள்வதும் அளவை.

இனி, இக்கரையோரத்து முஸ்லிம் மக்களிடையே வழங்கிய மற்றொரு மரபை நோக்குவோம். அரபு மதுரசாக்களின் பழைய பாடத்திட்டத்தில் 'மன்திக்' எனப்படும் தருக்கம் ஒரு பாடமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்த அல்-அப்ஹரீ இயற்றிய ஈசாகூஜி என்னும் சிறுநூல் அதன் பாலபாடமாக விளங்கியது. கிரேக்க அறிஞர் போபிரி மூன்றாம் நூற்றாண்டில் எழுதிய முன்னுரை நூலின் பெயரே அரபுமயமாகி ஈசாகூஜி ஆயிற்று. வேலூர் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் போன்ற தமிழகத்து அரபுக் கல்லூரிகளில் கற்றுத் திரும்பிய இலங்கை ஆலிம்கள் பலர். நூல் அரபு மொழியில் இருந்தபோதிலும், உஸ்தாதும் மாணவரும் பொருள் விளங்கிக்கொண்ட மொழி பெரும்பாலும் தமிழே.

மன்திக் கல்வி தனியே நின்றதன்று. அது மார்க்கச் சட்டக் கல்விக்குத் துணையாக அமைந்தது. இலங்கை முஸ்லிம்கள் பின்பற்றும் மத்ஹபின் இமாமாகிய ஷாபிஈ (767-820) தமது அர்-ரிஸாலாவில் 'கியாஸ்' எனப்படும் ஒப்புநோக்கு முறைக்கு வரம்பு வகுத்தார். அம்மத்ஹபையே சார்ந்த இமாம் கஸ்ஸாலி (1058-1111) சட்ட மூலங்கள் பற்றிய தமது அல்-முஸ்தஸ்ஃபாவைத் தருக்கம் பற்றிய ஒரு முன்னுரையுடன் தொடங்கினார். திராட்சை மது விலக்கப்பட்டது. விலக்கியதன் காரணம் போதை. பிறிதொரு பானத்திலும் போதை உண்டு. ஆகவே அதுவும் விலக்கப்பட்டது என்பது கியாஸுக்கு வழமையாகக் காட்டப்படும் உதாரணம். இங்கு 'இல்லத்து' எனப்படும் காரணத்தைச் சரியாக இனங்காண்பதே சட்ட அறிஞனின் பணி. நிறமோ சுவையோ காரணமன்று, போதையே காரணம் என்று பிரித்தறியும் அப்பணிக்கும், முன்னைய வழக்கொன்றின் தீர்ப்பு இவ்வழக்குக்குப் பொருந்துமா என்று இன்றைய சட்டத்தரணி ஆராயும் பணிக்கும் அடிப்படையில் வேற்றுமை இல்லை. 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின் கீழ் இயங்கும் காதி நீதிமன்றங்கள், அம்மார்க்கச் சட்ட மரபு நாட்டின் சட்டத்தோடு இணைந்து நிற்பதைக் காட்டுகின்றன.

இவ்வாறு இரு ஊற்றுகள் இருந்தும், சட்டமும் தருக்கமும் ஆங்கிலத்துக்கே உரியன என்னும் எண்ணம் எவ்வாறு தோன்றியது? அதற்குக் குடியேற்ற ஆட்சியே காரணம் எனலாம். 1874ஆம் ஆண்டு சட்டக் கல்விக் கழகம் நிறுவப்பட்டது. அதன் கல்வி ஆங்கிலத்திலேயே நிகழ்ந்தது. இந்தியாவின் 1872ஆம் ஆண்டுச் சான்றுச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டு, 1895ஆம் ஆண்டில் இலங்கையின் சான்றுக் கட்டளைச்சட்டம் ஆங்கிலத்தில் ஆக்கப்பட்டது. வயல் எல்லை பற்றி வழக்காட வந்த விவசாயி தன் வாதத்தைத் தமிழில் கூற, மொழிபெயர்ப்பாளர் வாயிலாக அது நீதவானைச் சென்றடைந்தது. ஏது தமிழில் இருந்தது. தீர்ப்பு ஆங்கிலத்தில் இருந்தது. இவ்விரண்டுக்கும் இடையிலான தூரமே சட்டத்தைப் பிறர் பொருளாகக் காட்டியது.

அத்தூரத்தைக் குறைக்கும் முயற்சியில் முன்னின்றோருள் ஒருவர் கல்முனைக்கு அயலிலுள்ள காரைதீவிலே பிறந்தவர் என்பது நமக்குப் பெருமை தருவதாகும். சுவாமி விபுலாநந்தர் (1892-1947) 1930களில் சென்னையில் நடைபெற்ற கலைச்சொல்லாக்கப் பணிக்குத் தலைமை தாங்கியோருள் ஒருவர். 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். தமிழில் எத்துறையையும் கற்பிக்க முடியும் என்று அவர் போன்றோர் கொண்ட துணிவே பின்னாளில் சுயமொழிக் கல்விக்கு ஊன்றுகோலாயிற்று. க.பொ.த. உயர்தர வகுப்பிலே 'அளவையியலும் விஞ்ஞான முறையும்' என்னும் பாடம் தமிழில் கற்பிக்கப்படுவது அதன் பயன்களுள் ஒன்று. எடுகூற்று, முடிவுக்கூற்று, நியாயத்தொடை, உய்த்தறிவு, தொகுத்தறிவு, போலி ஆகிய சொற்கள் இக்கரையோரத்துக் கலைப்பிரிவு மாணவர்க்குப் புதியன அல்ல. வகுப்பறையில் இவற்றைக் கற்ற மாணவரே, நுழைவுப் பரீட்சையின் தருக்க வினாவைக் கண்டதும் அந்நியப் பொருளைக் கண்டவர் போல் மருளுவது விந்தையாகும். கற்ற பாடத்தையும் எதிர்கொள்ளும் வினாவையும் தொடர்புபடுத்திக் காட்டுவோர் இல்லாமையே இதற்குக் காரணம்.

சட்டத்துறையிலும் மாற்றங்கள் நிகழாமலில்லை. 1973ஆம் ஆண்டின் நீதி நிருவாகச் சட்டத்தினால், நியாயதுரந்தரர், பிரக்டர் என்னும் இரு பிரிவும் ஒன்றாகிச் சட்டத்தரணி என்னும் ஒரே பெயர் வழக்குக்கு வந்தது. 1988ஆம் ஆண்டின் பதினாறாவது அரசியலமைப்புத் திருத்தம் சிங்களத்தையும் தமிழையும் நாடெங்கும் நீதிமன்ற மொழிகளாக்கி, வடக்கு கிழக்கு நீதிமன்றங்களில் நடவடிக்கைகள் தமிழிற் பதியப்பட வழி செய்தது. சம்மாந்துறையிற் பிறந்து, கல்முனையிற் கற்று, சட்டத்தரணியாகி, 1981ஆம் ஆண்டில் ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸைத் தோற்றுவித்த எம். எச். எம். அஷ்ரஃப் (1948-2000), தமிழிற் கவிதை எழுதியவருமாவார். அவரது முயற்சியால் 1995ஆம் ஆண்டில் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி, அடுத்த ஆண்டிலேயே முழுமை பெற்ற தென்கிழக்குப் பல்கலைக்கழகம் ஒலுவிலில் நிலைபெற்றுள்ளது. சட்ட அறிவும் தமிழறிவும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைதல் இக்கரையோரத்துக்குப் புதியதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

இந்நிலையில், 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் வர்த்தமானி மூலம் வெளியான ஒரு விதி, சட்டக்கல்லூரிப் பரீட்சைகள் ஆங்கிலத்திலேயே நடத்தப்படும் என்று கூறியது. அதற்கு ஆதரவாகக் கூறப்பட்ட நியாயத்தை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. உயர் நீதிமன்றங்களின் தீர்ப்புகளும் சட்ட அறிக்கைகளும் மிகப் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே உள்ளன. அவற்றைப் படித்தறியாதவர் நல்ல சட்டத்தரணியாதல் அரிது. ஆயினும், இவ்வாதத்தையே அளவைக்கு உட்படுத்துவோம். சட்டத்தரணிக்கு ஆங்கிலம் வேண்டும் என்பது எடுகூற்று. ஆகவே பரீட்சை ஆங்கிலத்தில் மட்டுமே நடைபெற வேண்டும் என்பது முடிவு. 'வேண்டும்' என்பதிலிருந்து 'அது மட்டுமே' என்பது பெறப்படுமா? ஆங்கிலத்தைப் பாடமாகக் கற்பித்தும் அத்தேவையை நிறைவு செய்யலாம். தமிழிலே சாட்சியம் பதியும் கல்முனை நீதிமன்றத்தில் வாதிடப் போகின்றவருக்குத் தமிழில் நியாயம் கூறும் ஆற்றலும் வேண்டுமன்றோ? 2023ஆம் ஆண்டு மார்ச்சில் நாடாளுமன்றம் பெரும்பான்மை வாக்குகளால் அவ்விதியை நிராகரித்தது. எனினும், அவ்வாதம் மீண்டும் எழாது என்று கருதுவதற்கில்லை.

ஈண்டு ஓர் எச்சரிக்கையும் கூறுதல் வேண்டும். தருக்கமே சட்டம் முழுவதுமன்று. சட்டத்தின் வளர்ச்சியில் தருக்கத்தினும் அனுபவத்தின் பங்கே பெரிது என்று அமெரிக்க நீதியரசர் ஓம்ஸ் 1881ஆம் ஆண்டிலேயே வாதிட்டார். நமது சான்றுக் கட்டளைச்சட்டத்தின் 114ஆம் பிரிவு, களவு நிகழ்ந்த சிறிது நேரத்துள் களவுப் பொருளை உடைமையில் வைத்திருந்து, அதற்குக் காரணம் காட்ட இயலாதவரைக் கள்வர் என்றோ, களவுப் பொருள் என்று அறிந்தே பெற்றவர் என்றோ நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்கின்றது. வரன்முறைத் தருக்கப்படி இது வாய்ப்பான நியாயத்தொடை அன்று. உலகியல் அனுபவத்தில் எழுந்த அனுமானம் இது, மறுப்பதற்கும் இடமளிப்பது. வினாத்தாளிலே ஒரு விடைதான் உண்டு. நீதிமன்றத்திலே மறுதரப்பும் உண்டு. ஆகவே, வினாக்களைப் பயிலும் மாணவர் சரியான விடையைக் குறித்துவிட்டு அடுத்ததற்குச் செல்லுதல் போதாது. ஏனைய விடைகள் ஏன் பிழைத்தன, எப்போலியால் பிழைத்தன என்பதைத் தம் சொந்தச் சொற்களில், தமிழில், ஒரு வரியேனும் எழுதிப் பார்த்தல் வேண்டும். விரைவு பயிற்சியால் வரும். தெளிவோ பெயரிட்டு அறிவதால் மட்டுமே வரும்.

இதுகாறும் கூறியவற்றால், தருக்க வினா நமக்கு அந்நியமானதன்று என்பது பெறப்படும். மணிமேகலை வகுத்த போலிகளும் மதுரசாக்கள் கற்பித்த மன்திக்கும் இக்கரையோரத்து மாணவரின் முதுசொம் ஆகும். செய்ய வேண்டுவது யாதெனின், பாடசாலைகளின் அளவையியல் ஆசிரியரும், அரபுக் கல்லூரிகளின் ஆலிம்களும், பணியிலுள்ள சட்டத்தரணிகளும் ஒருங்கு கூடி, நம் மண்ணின் எடுத்துக்காட்டுகளோடு தமிழில் ஒரு பயிற்சி நூலை ஆக்குவதேயாம். பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் மேற்கொள்ளத்தக்க பணிகளுள் இதுவும் ஒன்று. அத்தகைய நூலைக் கற்று நீதிமன்றம் ஏறும் ஒருவர், தமக்கு முன் நிற்கும் மீனவரின் வாக்குமூலத்தை அவர் மொழியிலேயே கேட்டு, அவர் மொழியிலேயே அளந்து, அதன் ஏது உறுதியானதா என்று கூற வல்லவராவார். அத்தகையோர் கையிலேதான் இக்கரையோர மக்களின் நியாயம் பாதுகாப்பாக இருக்கும்.