பூட் மெனு: கம்ப்யூட்டரின் கல்யாண் ஜங்ஷன்

கல்யாணில் இருக்கிற நம்ம ஆட்களுக்கு இந்த விஷயத்தைப் புரிய வைப்பது சுலபம். 1854-ல் ரயில் கல்யாணை எட்டியது. மும்பையிலிருந்து வரும் பாதை இங்கே இரண்டாகப் பிரிகிறது. ஒன்று கசாரா தாண்டி நாசிக் பக்கம். இன்னொன்று கர்ஜத் ஏறி புனே, அங்கிருந்து நம்ம ஊர்ப் பக்கம். பாயிண்ட் எப்படிப் போட்டிருக்கிறதோ அப்படித்தான் வண்டி போகும். டிரைவர் நினைத்தாலும் ஸ்டியரிங் கிடையாது :-)

கம்ப்யூட்டரில் இந்தப் பாயிண்ட்ஸ்மேன் வேலையைச் செய்வதுதான் பூட் லோடர். பழைய பொட்டிகளில் அவருக்குக் கிடைத்த இடம் ரொம்பச் சின்னது. ஹார்ட் டிஸ்கின் முதல் செக்டார், மொத்தமே 512 பைட். அதிலும் பார்ட்டிஷன் விவரத்துக்கு 64, முத்திரைக்கு 2 போக, அவர் கைக்கு வருவது 446 பைட்.

லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை வெளியிட்டது 1991-ல். அடுத்த வருடமே வெர்னர் ஆல்மெஸ்பெர்கர் லிலோவை எழுதினார். லிலோவுக்கு ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியாது. கெர்னல் டிஸ்கில் எந்தெந்த இடத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைத்துக்கொள்ளும். கெர்னலை மாற்றிவிட்டு லிலோவை மறுபடி ஓட்டவில்லை என்றால் போச்சு. லிலோ தடுக்கினால், சில சமயம் திரையில் 'லிலோ' என்ற நாலு எழுத்தில் இரண்டு மட்டும் வந்து அப்படியே நிற்கும். அந்தக் காலத்தில் லினக்ஸ் போட்டவர்களுக்கு இது மறக்காது.

கிரப் வந்த கதை வேறு. 1995-ல் எரிக் போலின், குனு ஹர்டை பூட் செய்வதற்காக அதை எழுத ஆரம்பித்தார். கிரப்புக்கு ஃபைல் சிஸ்டம் படிக்கத் தெரியும். மெனு என்பது சாதாரண டெக்ஸ்ட் ஃபைல், திருத்திவிட்டு ரீபூட் செய்தால் போதும். 1999-ல் அது குனுவின் அதிகாரபூர்வ பாக்கேஜ் ஆனது. பிறகு முழுதாகத் திரும்ப எழுதப்பட்டு, 2012-ல் கிரப் 2.00 வந்தது. லிலோவின் வளர்ச்சி 2015-ல் நின்றுபோனது.

சரி, இதில் நமக்கு என்ன? இருக்கிறது.

2011 செப்டம்பரில் தமிழ்நாட்டில் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. அந்தப் பொட்டிகளில் விண்டோஸோடு போஸ் லினக்ஸும் இரட்டை பூட்டாக வந்தது. போஸ், டெபியனை அடிப்படையாக வைத்து சென்னை சி-டாக் உருவாக்கியது, தமிழ் உட்பட இந்திய மொழிகளில் வேலை செய்யக்கூடியது. லட்சக்கணக்கான கிராமத்துப் பிள்ளைகள் கையில் கிடைத்த முதல் கம்ப்யூட்டரிலேயே பூட் மெனு இருந்தது. இது சின்ன விஷயமில்லை.

என் அக்கா பையன் படிப்பை முடித்துவிட்டு வேலை தேடி கல்யாண் வந்தபோது அதில் ஒன்றைக் கொண்டுவந்தான். ஆன் செய்தால் நேராக விண்டோஸ். மெனுவே இல்லை. வைரஸ் வந்தது என்று ஏதோ ஒரு கடையில் விண்டோஸை மறுபடி போட்டிருக்கிறார்கள். அப்படிப் போடும்போது விண்டோஸ் அந்த முதல் செக்டாரில் தன் கோடை எழுதிவிடும், பக்கத்தில் லினக்ஸ் இருக்கிறதா என்று பார்க்காது. கிரப் அப்படியில்லை. விண்டோஸுக்கும் மெனுவில் ஒரு வரி கொடுத்து, கேட்டால் அதன் லோடரிடம் கைமாற்றிவிடும்.

டிஸ்கைப் பார்த்தேன். போஸ் பத்திரமாக அதன் பார்ட்டிஷனில் இருந்தது. "மாமா, இதுல ரெண்டு இருந்துச்சா?" என்றான். இரண்டு வருடம் கையில் வைத்திருந்தவன் கேட்ட கேள்வி!

வழி சுலபம்தான். லைவ் சிடியில் பூட் செய்து, லினக்ஸ் பார்ட்டிஷனை மவுண்ட் செய்து, கிரப்-இன்ஸ்டால் ஓட்டினால் மெனு திரும்பிவிடும். அதை நம் இஷ்டப்படி மாற்ற, ஈடிசி டைரக்டரியில் டீஃபால்ட் என்பதற்குள் கிரப் என்று ஒரு ஃபைல் உண்டு. எது தானாகக் கிளம்ப வேண்டும் (எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து ஆரம்பம்), எத்தனை செகண்ட் காத்திருக்க வேண்டும், பின்னணியில் என்ன படம், எல்லாம் அதில்தான். கடைசியாகத் தேர்ந்தெடுத்ததையே அடுத்த முறையும் எடு என்றும் சொல்லலாம். பிறகு அப்டேட்-கிரப் கட்டளை. அவ்வளவுதான்.

இன்றைய பொட்டிகளில் பயாஸ் போய் யூஈஎஃப்ஐ வந்துவிட்டது, 446 பைட் கஷ்டமும் இல்லை. ஆனால் 2021-ல் வந்த கிரப் 2.06-லிருந்து, பாதுகாப்புக் காரணத்துக்காக, மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-ப்ரோபர் வழக்கமாக அணைந்தே இருக்கிறது. விண்டோஸ் வரி மெனுவில் காணவில்லை என்றால் பதறாதீர்கள். அழிந்திருக்காது. அதே ஃபைலில் அதை இயக்கிவிட்டால் வந்துவிடும்.

பொட்டிக்குள் என்ன இருக்கிறது என்பது ஒன்று, மெனுவில் என்ன தெரிகிறது என்பது இன்னொன்று. பத்து செகண்ட் தெரியும் அந்தக் கறுப்புத் திரையை எழுதியவர் யாரோ, அவர் காட்டுவதைத்தான் பிள்ளைகள் கம்ப்யூட்டர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஊரிலிருந்து வந்த பழைய மடிக்கணினி உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தால், எடைக்குப் போடுவதற்கு முன் ஒருமுறை டிஸ்கைத் திறந்து பாருங்கள்.