வெள்ளை மருந்தின் வீரியம்

கடலூரிலும் சிதம்பரத்திலும் ஆட்டுப்பட்டி வைத்திருந்தவர்கள் ஐப்பசி, கார்த்திகை மழையைக் கடந்தது வெள்ளைப் பூச்சி மருந்தை நம்பித்தான். கெடிலக்கரையிலும் கொள்ளிடக்கரையிலும் ஈரப்புல் மேய்ந்த ஆட்டுக்குக் கண் வெளுத்து, தாடைக்கடியில் நீர் கோத்துத் தொங்கும்போது, வாயோரம் விட்ட ஒரு மடக்கு மருந்து, நான்காம் இரைப்பையில் ஒட்டி இரத்தம் குடிக்கும் ஹீமாங்கஸ் புழுக்களைக் கொன்று, அந்த ஆட்டை மறுபடி மந்தையோடு சேர்த்துவிடும். புட்டி இன்றும் கடையில் கிடைக்கிறது. அதிலிருந்த வீரியம்தான் பல பட்டிகளில் நம்மைவிட்டுப் போய்விட்டது.

அந்த வெள்ளை மருந்துகளில் மூத்ததான தயாபெண்டசோல் 1961இல் வந்தது. எழுபதுகளில் ஃபென்பெண்டசோலும் அல்பெண்டசோலும் அதன் வழித்தோன்றல்களாக வந்து, ஏழை வீட்டு ஆட்டுக்கும் எட்டும் விலையில் உழைத்தன. 1964லேயே அமெரிக்கச் செம்மறிகளின் புழுக்கள் அந்த மூத்த மருந்துக்கு அடங்க மறுத்தன. பின்னாளில் தமிழ்நாட்டுச் செம்மறிப் பண்ணைகளிலும் அதே நிலை பதிவானது.

கடைசி நாட்களில் ஆய்வகமே வெள்ளை மருந்தின் நாடியைப் பிடித்துப் பார்த்தது. மருந்து கொடுக்குமுன் ஒருமுறை, கொடுத்து 10 முதல் 14 நாள் கழித்து மறுமுறை, புழுக்கையைக் கரைத்து, உப்புநீரில் மிதந்து வரும் முட்டைகளை நுண்ணோக்கியில் எண்ணுவார்கள்; 95 விழுக்காடு குறையாவிட்டால் வீரியம் தளர்ந்ததென்று பொருள். மருந்துக்கு அடங்காத புழுவின் முட்டை, தயாபெண்டசோல் கலந்த நீரில் இரண்டு நாள் வைத்தாலும், சாகாமல் பொரிந்து, இளம்புழுவாக அந்த மருந்துக்குள்ளேயே நெளியும். மருந்து பற்றிக்கொள்ளும் பீட்டா டியூபுலின் புரதத்தின் 200ஆம் இடத்தில் ஃபினைல்அலனின் போய் டைரோசின் அமர்ந்திருப்பதை மரபணுச் சோதனை காட்டும். பிடி நழுவிய இடம் அதுதான்.

எடை பாராமல் கண்மதிப்பில் ஊற்றினோம். வெள்ளாட்டின் உடல் இம்மருந்தை விரைவில் கழித்துவிடும் என்பதறியாமல், செம்மறிக்குக் கொடுத்த அளவையே அதற்கும் கொடுத்தோம். குறைந்த மருந்தில் பிழைத்த புழு, நாளொன்றுக்கு ஐயாயிரத்துக்கும் மேல் முட்டையிட்டு, தன் வலுவைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் போனது.

லெவமிசோலும் ஐவர்மெக்டினும் இன்னும் பல பட்டிகளில் வேலை செய்கின்றன. அவையாவது நீடித்து வாழட்டும். அடுத்த மழைக்குமுன், மருந்து வாங்கப் போகுமுன், ஒரு பிடி புழுக்கையை மாட்டாஸ்பத்திரிக்கு எடுத்துப் போவோம்.