இடமும் கண்ணும்

அமெரிக்க நாட்டுப் பிட்ஸ்பர்க் நகரத்து இளைஞர் சிலர், ஏறத்தாழ 1,14,000 டாலர் என்னும் சிறுபொருள் கொண்டு, 'நைட் ஆப் தி லிவிங் டெட்' என்னும் அச்சப்படத்தை ஆக்கி 1968-இல் வெளியிட்டனர். இயக்கியவர் ஜார்ஜ் ரொமேரோ. தலைவனாக நடித்தவர் டுவேன் ஜோன்ஸ் என்னும் கறுப்பினத்தவர். அந்நாட்டுப் பழைய அச்சப்படங்களில் அவ்வினத்தார்க்குப் பெரும்பாலும் ஏவலர் வேடமே வாய்த்தது. ஜோன்ஸோ, தேர்வில் சிறப்புற நடித்தமையால் அவ்விடம் பெற்றார். கதையுள் அவர் நிறத்தை ஒருவரும் குறித்திலர்.

ஆயினும், இரவெல்லாம் நடைப்பிணங்களை எதிர்த்து உயிர்காத்த அத்தலைவன், விடிந்தபின், பிணங்களை அழிக்க வந்த மக்களாலேயே பிணமெனக் கருதப்பட்டுச் சுடப்பட்டான். அவ்வாண்டு ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்டு மாண்டதை நினைந்தோர்க்கு அம்முடிவு வெறுங்கதையாகத் தோன்றவில்லை. இடம் கிடைத்தல் மட்டும் அமையாது; இடம் பெற்றவனை மனிதனாகக் காணும் கண்ணும் உலகிற்கு வேண்டும் என்பதை நாம் உணர்வோமாக.