உங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும்?

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடலோரமாகவே ஒருமுறை போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் அலை. மறுபக்கம் கன்டெய்னர் லாரிகள். எர்ணாவூரில், 2004 சுனாமியில் வீடிழந்தவர்களுக்காகக் கட்டிய குடியிருப்புகள் தெரியும். அச்சில் வார்த்த மாதிரி வரிசை வரிசையாக வீடுகள். வலையை எங்கே வைப்பது, மீன் கூடையை எங்கே கழுவுவது என்று, அங்கே குடிவரப் போகிற அம்மாவிடம் யாராவது கேட்டிருப்பார்களா?

'அதெல்லாமா கேட்டுக்கிட்டு இருப்பாங்க?' என்கிறீர்களா? கேட்ட ஒருவர் இருந்தார். பெயர் மினெட் டி சில்வா.

1918-ல் கண்டியில் பிறந்தவர். அப்பா சிங்கள பௌத்தர், அரசியல்வாதி. அம்மா பறங்கியர் சமூகத்துக் கிறிஸ்தவர். இலங்கைப் பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர். அந்த ரத்தம் சும்மா இருக்குமா? பம்பாயில் கட்டடக்கலை படிக்கும்போது, காந்தியை விடுதலை செய்யக் கோரிய ஊர்வலத்தில் கலந்துகொண்டார். மன்னிப்புக் கடிதம் கேட்டது கல்லூரி. 'முடியாது' என்றார். சீட்டு கிழிந்தது!

அசரவில்லை. லண்டனில் படிப்பை முடித்தார். 1948-ல் பிரிட்டிஷ் கட்டடக்கலைஞர்களின் ராயல் கழகத்தில் இணை உறுப்பினரானார். ஆசியப் பெண்களில் அவர்தான் முதல் ஆள். பின்னாளில் சண்டிகரை வடிவமைத்த லெ கார்பூசியே அவருக்கு நண்பர். இத்தனைக்கும் பிறகு ஐரோப்பாவில் தங்காமல் கண்டிக்கே திரும்பினார்.

முதல் வேலை, கருணாரத்ன குடும்பத்துக்கு மலைச்சரிவில் ஒரு வீடு. சரிவுக்கேற்பத் தளங்களை ஏற்றி இறக்கினார். ஒரு பக்கம் கான்கிரீட், கண்ணாடி. இன்னொரு பக்கம் உள்ளூர் களிமண் ஓடு, தும்பறைப் பாய் நெசவு. 1951-ல் வீடு எழுந்தது. மாடர்ன் என்றால் மேல்நாட்டைக் காப்பியடிப்பது என்று நினைத்திருந்தவர்களுக்கு அது புதுப் பாடம். ஆனாலும், 'ஒரு பொம்பளைக்கு கட்டடம் பத்தி என்ன தெரியும்?' என்ற சந்தேகப் பார்வை அவரை விடவே இல்லை.

அடுத்து, கண்டியை ஒட்டிய வட்டபுலுவையில் அரசு ஊழியர்களுக்கான குடியிருப்பு. இருநூறுக்கும் மேற்பட்ட வீடுகள். மினெட் முதலில் பேனாவை எடுத்தது வரைபடத்துக்காக அல்ல, கேள்வித்தாளுக்காக! வீட்டில் எத்தனை பேர், எப்படிச் சமைக்கிறீர்கள், எப்படி வாழ்கிறீர்கள் என்று குடிவரப் போகிறவர்களிடமே விசாரித்தார். அந்தப் பதில்களிலிருந்துதான் வீடுகளின் வகைகள் பிறந்தன. சிங்களர், தமிழர், முஸ்லிம், பறங்கியர் எல்லோரும் அங்கே அக்கம்பக்கத்தினர். அது எந்த ஆண்டு தெரியுமா? 1958. தமிழர்கள்மீது கலவரம் வெடித்த அதே ஆண்டு! நாடு ஆட்களைப் பிரித்துக்கொண்டிருந்தபோது, ஒரு பெண் அவர்களை ஒரே தெருவில் உட்கார வைத்துக்கொண்டிருந்தார்.

பிறகு வந்த ஜெஃப்ரி பாவாவைத்தான் உலகம் கொண்டாடியது. மினெட்டின் கட்டடங்கள் பல இடிக்கப்பட்டன. 1996-ல் இலங்கைக் கட்டடக்கலைஞர்கள் நிறுவகம் தங்கப் பதக்கம் தந்தபோது அவருக்கு வயது 78. இரண்டே ஆண்டுகளில், பணக்கஷ்டத்திலும் தனிமையிலும் மறைந்தார்.

வடசென்னையில் இன்றும் பழைய குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுகிறார்கள். சிமென்ட்டுக்கும் கம்பிக்கும் கோடிகளில் கணக்கு உண்டு. மினெட்டின் அந்தக் கேள்விகளைக் கேட்க எவ்வளவு ஆகிவிடும்? ஒரு கட்டுக் காகிதம், கொஞ்சம் பொறுமை. அவ்வளவுதானே!